கொங்குநாட்டுப் பள்ளிகளும் சமயக் கல்வியும்

கொங்குநாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் ஏழாம். அவற்றுள் திருப்புக்கொளியூர் அவிநாசியில் நிகழ்ந்த அருட்செயல் பள்ளிப் பருவத்துச் சிறுவனொருவனைப் பற்றியது. ஐந்தாண்டு நிரம்பிய சிறுவர் இருவர் மடுவில் நீராடப் புக, ஒருவனை முதலை விழுங்கிற்று. ஆண்டுகள் சில கழிந்தபின், பிழைத்தவனுக்குப் பூணூற் சடங்கு நிகழும் மங்கல ஒலி ஒரு மனையிலும், மகனை இழந்தார் அழுகை ஒலி எதிர்மனையிலும் எழ, அவ்விரண்டையும் ஒருங்கே கேட்ட சுந்தரமூர்த்தி சுவாமிகள் பதிகம் பாடிப் பிள்ளையை மீட்டருளினார் எனச் சேக்கிழார் பெருமான் கூறுவர். இவ்வரலாற்றை அவிநாசியைச் சூழ்ந்த ஊர்களின் பிள்ளைகள் தம் பள்ளியில் முறையாகக் கற்க இடமுண்டோ என்பது எளிய வினாவே. எனினும் 1854-ஆம் ஆண்டு தொட்டு இதற்கு ஒருபடித்தான விடை கிடைத்ததில்லை.

பண்டைத் திண்ணைப் பள்ளிகளில் சமயம் என ஒரு தனிப்பாடம் இருந்ததில்லை, இருக்க வேண்டுவதுமில்லை. மணலில் எழுத்துப் பயிலும் பிள்ளை முதற்கண் எழுதுவதே கடவுள் வணக்கம். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி என்பவற்றின்பின் சதகங்கள் வரும். அவற்றுள் ஒன்றாகிய அறப்பளீசுர சதகம் கொல்லிமலையில் எழுந்தருளிய இறைவனை முன்னிலைப்படுத்தி உலகியல் நீதி கூறுவது. ஆகவே நீதியும் வழிபாடும் எழுத்தறிவும் ஒரே மூச்சிற் கற்பிக்கப்பட்டன. ஆயின் அத்திண்ணை எல்லார்க்கும் உரியதாயிருந்ததில்லை என்பதனையும் மறைத்தல் கூடாது. நந்தனாரையும் திருநீலகண்ட யாழ்ப்பாணரையும் அடியவராக வைத்துப் போற்றும் நூலையுடைய சமயத்தார், அவர் மரபிற் பிறந்த பிள்ளைகளைத் திண்ணையின் கீழே நிறுத்தினர். பழைய முறையைப் புகழ்ந்துரைப்பார் இதனைச் சொல்லாது விடுவது வழக்கமாயிற்று.

1830-ஆம் ஆண்டில் இலண்டன் மிஷன் சங்கத்தைச் சார்ந்த ஆடிஸ் பாதிரியார் கோயம்புத்தூருக்கு வந்து தங்கினார். மிஷன் பள்ளிகளில் விவிலியப் பாடம் நாட்பாடமாக நடைபெற்றது. 1854-இல் வந்த உட் அவர்களின் கல்வி அறிக்கையோ, அரசினர் தாமே நடத்தும் பள்ளிகளில் எச்சமயமும் கற்பிக்கலாகாது என வகுத்து, தனியார் பள்ளிகளுக்கு அவர் சமயம் நோக்காது பொருளுதவி செய்ய வழிகோலிற்று. சொல்லளவில் இது நடுநிலையே. நடைமுறையில், பள்ளி நடத்தும் அமைப்பும் பொருளும் முன்னரே உடையவர்க்கு அது கைகொடுத்தது; அவ்வமைப்பு இல்லாத சைவர், தம் பிள்ளைகளைச் சமயமே இல்லாத அரசினர் பள்ளிக்கோ பிறர் சமயம் கற்பிக்கும் பள்ளிக்கோ அனுப்ப நேர்ந்தது. 1882-இல் அமர்ந்த ஹண்டர் குழுவினர் எல்லாச் சமயத்திற்கும் பொதுவான அறநூலொன்று இயற்றுவிக்கலாம் என்றனர். அதனை அரசினர் ஏற்றிலர்.

இந்நிலைக்கு மருந்து கண்டவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் அவர்களே. வெசிலியன் மிஷனின் பெர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலிய மொழிபெயர்ப்பிற்குத் துணைபுரிந்த அவர், பாதிரிமார் பள்ளி நடத்தும் முறையை உள்ளிருந்து கண்டவர். 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையையும், 1864-இற் சிதம்பரத்திற் சைவப்பிரகாச வித்தியாசாலையையும் நிறுவினார். வகுப்பிற்கேற்பப் படிமுறையாக அமைந்த பாலபாடங்களும், வினாவும் விடையுமாக இயன்ற சைவ வினாவிடையும் அவர் ஆக்கிய கருவிகள். வினாவிடை உருவம் பாதிரிமார் கையாண்டது, உட்பொருள் சித்தாந்தம். பிறர் கருவியை எடுத்துத் தம் பொருளை ஏற்றிய இச்செயலைக் குறை கூறுவாருமுளர். கருவி யாருடையதாயினும் பயிர் விளைந்ததன்றோ?

கொங்குநாட்டில் நாவலர் வழிப் பள்ளிகள் அத்துணை தழைத்தில. ஈண்டு வேறொரு வழி தோன்றிற்று. திருப்பூரிற் பிறந்த தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார் 1930-இல் இராமகிருஷ்ண வித்தியாலயத்தைக் கோவையில் தொடங்கினார். தொடக்கத்தில் மாணவன் ஒருவனே. அவனும் தீண்டாமைக்கு ஆட்பட்ட வகுப்பினன். பின்னர் அது பெரியநாயக்கன்பாளையத்திற்கு மாறிற்று. 1934-இல் காந்தியடிகள் அடிக்கல் நாட்டினார். திண்ணை மறுத்தவனையே முதல் மாணவனாகக் கொண்ட இத்தொடக்கம் முன்கூறிய குறையை நேரே எதிர்ப்பட்டது. மாணவர் உடனுறைந்து பயிலும் குருகுல முறையில், வழிபாடும் தொழிலும் படிப்பும் ஒன்றாயின. அங்குப் போற்றப்படும் சமய நோக்கு இராமகிருஷ்ணர் வழி வந்த வேதாந்தம். பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளுண்மை பேசும் சித்தாந்திக்கு இதனோடு வேறுபாடு உண்டு. 'இந்து சமயம்' எனப் பொதுப்படக் கற்பிக்கப் புகுங்கால் எல்லா நெறிகளின் தனித்தன்மையும் தேய்ந்து, எவர்க்கும் முழுதும் உரியதல்லாத ஒரு பொதுமை எஞ்சுமோ என்னும் ஐயம் அன்றும் இருந்தது, இன்றும் உள்ளது.

செட்டியார் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தார். திருக்குறள் பள்ளிப் பாடத்தில் நிலையான இடம்பெற உழைத்தவர் அவர் என்பது யாவரும் அறிந்தது. இதன் நுட்பம் உணரத்தக்கது. சமயப் பாடத்திற்கு அடைபட்ட கதவு தமிழ்ப் பாடத்திற்குத் திறந்தேயிருந்தது. தேவாரமும் திருவாசகமும் பெரியபுராணமும் செய்யுட்பகுதி என்னும் பெயரில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளின் கைக்கும் சென்றன. ஆனால் அவ்வாறு செல்லுங்கால் பதிகம் மனப்பாடச் செய்யுளாகிறது. ஆசிரியர் அருஞ்சொற்பொருளும் இலக்கணக் குறிப்பும் உரைத்து அமைகின்றார். பாடியவர் ஏன் பாடினார் என்பது தேர்வில் வினவப்படுவதில்லை. கோவை வழக்கறிஞர் சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியார் பெரியபுராணத்திற்கு ஏழு பகுதிகளாக விரிவுரை கண்டது இக்குறையை நிரப்பவல்லது. நீதிமன்றப் பணிக்கிடையே பல்லாண்டு செய்த அவ்வுரை ஆசிரியர் கையிலிருப்பின், செய்யுட்பகுதி உயிர்பெறும்.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 28-ஆம் உறுப்பு, முழுதும் அரசின் பொருளால் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாதென்றது. அறக்கட்டளையால் நிறுவப்பெற்று, அக்கட்டளையே சமய போதனை வேண்டுமெனின், அரசு நிருவகிப்பினும் அதற்கு விலக்குண்டு. அரசின் ஏற்போ உதவியோ பெற்ற பள்ளியில், மாணவரோ, இளையராயின் அவர்தம் காப்பாளரோ இசைந்தாலன்றி எவரையும் சமய போதனைக்கு உட்படுத்தலாகாது. 2002-இல் அருணா ராய் வழக்கில் உச்சநீதிமன்றம், சமயங்களைப் பற்றிய அறிவு புகட்டல் வேறு, சமய போதனை வேறு எனப் பிரித்துரைத்தது. 2024 ஆகஸ்டில் பழநியில் அறநிலையத்துறை நடத்திய முத்தமிழ் முருகன் மாநாட்டில், மாணவரைக் கொண்டு கந்தசஷ்டி கவசம் ஓதுவித்தல் குறித்துத் தீர்மானம் நிறைவேறியபோது எழுந்த வழக்காடலும் இப்பிரிவினையைச் சுற்றியதே. திருக்கோயில் பொருளால் நடக்கும் கல்லூரியை அரசுப் பள்ளியோடு ஒன்றாக வைத்து எண்ணுவோர் மேற்கூறிய விலக்கை நோக்க வேண்டும். அவ்விலக்கைக் காட்டுவோர், பிற சமயத்து மாணவரும் அங்குப் பயில்கின்றனர் என்பதையும் இசைவு பற்றிய விதியையும் நோக்க வேண்டும்.

கடல்கடந்த தமிழர் வேறு வழி கண்டனர். இலங்கையில் சைவநெறி என்னும் பெயரிலேயே பாடமும் தேர்வும் அமைந்தன. நாவலர் இட்ட வித்து என இதனைச் சொல்லலாம். சிங்கப்பூர் 1984-இல் உயர்நிலைப் பள்ளிகளிற் சமய அறிவைக் கட்டாயமாக்கி, இந்து சமயத்தையும் அதில் ஒரு பிரிவாக வைத்தது. சமய வேற்றுமை உணர்ச்சி மிகுகின்றதெனக் கருதி, 1990 முதல் அக்கட்டாயத்தை நீக்கிற்று.

பேரூர் ஆதீனத்துச் சாந்தலிங்க இராமசாமி அடிகளார் 1953-இற் பேரூரில் தமிழ்க் கல்லூரி நிறுவினார். கச்சியப்ப முனிவர் பேரூர்ப் புராணம் பாடிய தலம் அது. 2018-இல் இறைவனடி சேருமளவும் அவர் ஆற்றிய பணிகளுள், தமிழில் திருக்குட நன்னீராட்டு நிகழ்த்தியதையே பலரும் பேசுவர். அக்கல்லூரியிற் புலவர் பட்டம் பெற்றுக் கொங்குநாட்டுப் பள்ளிகளில் தமிழாசிரியராய் அமர்ந்தோரைப் பற்றிப் பேசுவார் சிலரே. அவர்களுடைய வகுப்பில் சமயப் பாடவேளை இல்லை. செய்யுட்பகுதியில் சுந்தரர் இருந்தார்.