சனிக்கிழமை மதியம் இரண்டு மணி

ஆர்சனல் கிளப்பின் சாதனைப் பட்டியலில் ஒரு விசித்திரம் இருக்கிறது. லீக் ஆட்டங்களில் அவர்கள் அடித்த மிகப் பெரிய வெற்றி 12-0. தேதி 1900 மார்ச் 12, எதிரணி லஃப்பரோ. லீக் ஆட்டங்களில் அவர்கள் வாங்கிய மிகப் பெரிய அடி 0-8. தேதி 1896 டிசம்பர் 12. எதிரணி? அதே லஃப்பரோதான்.

தியரி ஆன்றி 228 கோல், டேவிட் ஓ'லியரி 722 ஆட்டங்கள், 2003-04 சீசனில் 26 வெற்றி 12 டிரா தோல்வியே இல்லை என்று தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிக்கும் ரசிகர்கள் நம்ம ஊரில் ஏகப்பட்ட பேர். அவர்களிடம் லஃப்பரோ யாருன்னு கேட்டால் முழிப்பார்கள். முழிப்பதில் தப்பில்லை. 1899-1900 சீசனில் அந்த அணி 34 ஆட்டங்கள் ஆடி ஒன்றில் மட்டும் ஜெயித்தது, 27-ல் தோற்றது, 100 கோல் வாங்கியது. லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, அந்த வருஷமே கலைந்தது. இன்று லஃப்பரோவுக்கு மிச்சமிருப்பது ஆர்சனல் பட்டியலில் இருக்கும் இந்த இரண்டு வரிதான்.

கால்பந்துப் புள்ளிவிவரத்தை நாம் பெருமைப்பட்டியலாகப் படிக்கிறோம். எனக்கு அது ஊர்க் கணக்கர் எழுதி வைத்த பேரேடு மாதிரி தெரிகிறது. யார் இருந்தார்கள், யார் போனார்கள், எந்த மதியம் எத்தனை பேருக்கு வேலை இல்லாமல் இருந்தது, எல்லாம் அதில் பதிவாகி இருக்கிறது. கடைசியாகச் சொன்ன விஷயம்தான் முக்கியம்.

ஆர்சனல் என்ற சொல்லுக்கே ஆயுதக் கிடங்கு என்றுதான் பொருள். லண்டனின் தென்கிழக்கே வுலிச்சில் பிரிட்டிஷ் அரசின் ராயல் ஆர்சனல் இருந்தது. பீரங்கியும் தோட்டாவும் தயாராகும் பிரம்மாண்டமான ஆலை. அதற்குள் ஒரு பட்டறையின் பெயர் டயல் ஸ்கொயர். வாசல் மேலே இருந்த சூரியக் கடிகாரத்தால் அந்தப் பெயர். 1886-ல் அந்தப் பட்டறையின் தொழிலாளர்கள் பதினைந்து பேர் தலைக்கு ஆறு பென்ஸ் போட்டார்கள். ஸ்காட்லாந்திலிருந்து பிழைக்க வந்த டேவிட் டான்ஸ்கின் தன் பங்காகக் கூடுதலாக மூன்று ஷில்லிங் போட்டார். பந்து வாங்கினார்கள். 1886 டிசம்பர் 11 அன்று ஈஸ்டர்ன் வாண்டரர்ஸ் என்ற அணியை 6-0 என்று ஜெயித்தார்கள். அணியின் பெயர் டயல் ஸ்கொயர். அதாவது, ஆர்சனலின் முதல் பெயரே ஒரு கடிகாரத்தின் பெயர். நாட்டிங்ஹாமிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஃப்ரெட் பியர்ட்ஸ்லி தன் பழைய கிளப்பான நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்குக் கடிதம் எழுத, அங்கிருந்து சிவப்புச் சட்டைகள் வந்தன. இன்றுவரை ஆர்சனல் சிவப்பு.

இந்தக் கதையில் எல்லாரும் ஆறு பென்ஸைச் சொல்வார்கள். நான் டிசம்பர் 11 என்ன கிழமை என்று பார்த்தேன். சனிக்கிழமை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1850-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய தொழிற்சாலைச் சட்டம், துணி ஆலைகளில் பெண்களும் இளவயதினரும் சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்றது. அவர்கள் போய்விட்டால் ஆண்களை மட்டும் வைத்து மில்லை ஓட்ட முடியாது. சங்கு ஊதிவிடும். இந்த அரைநாள் விடுமுறை அடுத்த சில பத்தாண்டுகளில் மற்ற தொழில்களுக்கும் பரவியது. 2 மணிக்குச் சங்கு, 3 மணிக்கு ஆட்டம். இங்கிலாந்தில் சனிக்கிழமை 3 மணி ஆட்டம் இன்றும் ஒரு சடங்கு என்றால், அதன் வேர் மைதானத்தில் இல்லை, மில் வாசலில் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான சான்றும் ஆர்சனல் வரலாற்றிலேயே உண்டு. 1899-ல் போயர் போர் வெடித்ததும் வுலிச் ஆலையில் ஓவர்டைம் ஆரம்பித்தது. சனிக்கிழமை மதியமும் வேலை. மைதானத்தில் கூட்டம் சரிந்தது. அந்த 12-0 நடந்ததும் அதே சீசனில்தான். கிளப்பின் மிகப் பெரிய லீக் வெற்றி, அதை நேரில் பார்க்க வேண்டியவர்கள் குண்டு தயாரித்துக்கொண்டிருந்த காலத்து வெற்றி.

இப்போது பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறுவோம்.

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், பிறகு தெற்கே திரும்பினால் வல்லம் வடகால், ஒரகடம். இந்தத் தடத்தில் நிற்கும் கம்பெனிகளின் போர்டுகளை ஒரு கால்பந்துப் பைத்தியம் படித்தால் வேறு மாதிரி படிப்பான். ஹூண்டாய்: தென்கொரியாவில் 2017 முதல் 2021 வரை தொடர்ந்து ஐந்து முறை கே லீக் வென்ற ஜியோன்புக் அணி அவர்களுடையது. சாம்சங்: சுவோன் ப்ளூவிங்ஸ். யமஹா: ஜப்பானின் இவாட்டா நகரத்தில் கம்பெனி அணியாக 1972-ல் தொடங்கி, பிறகு ஜூபிலோ இவாட்டா என்று பெயர் மாறி, மூன்று முறை ஜே லீக் வென்றது. நிசான்: அதுவும் 1972-ல் கம்பெனி அணிதான், இன்று யோகோஹாமா எஃப் மரினோஸ். டைம்லர்: ஸ்டுட்கார்ட் மைதானம் பல வருஷம் காட்லீப் டைம்லரின் பெயரில் இருந்தது.

அப்போலோ டயர்ஸ் இன்னும் சுவாரஸ்யம். 2013-லிருந்து மான்செஸ்டர் யுனைடெட்டோடு ஒப்பந்தம் போட்ட கம்பெனி. 2018-லிருந்து சென்னையின் எஃப்.சி. சட்டையிலும் அவர்கள் பெயர் வந்தது. ஒரகடத்தில் பெரிய ஆலை. 1995-ல் கேரளத்தின் களமசேரியில் பிரீமியர் டயர்ஸ் ஆலையை எடுத்து நடத்த ஆரம்பித்ததும் அவர்கள்தான். 1970-களில் கேரளக் கால்பந்தில் பிரீமியர் டயர்ஸ் பெரிய பெயர். டயர் ஆலை இன்னும் பேசப்படுகிறது, அந்த அணி பழைய ரசிகர்களின் நினைவில் மட்டும்.

இத்தனை கம்பெனிகளும் தங்கள் தாய்மண்ணில் கால்பந்தோடு ஒட்டிப் பிறந்தவை, அல்லது ஒட்டி வளர்ந்தவை. ஆனால் ஒரகடம் என்றோ ஸ்ரீபெரும்புதூர் என்றோ பெயர் தாங்கிய ஒரு அணி ஐ-லீக்கிலோ ஐஎஸ்எல்லிலோ ஆடியதில்லை. ஏன்?

"இந்தியாவில் யார் சார் ஃபுட்பால் பார்க்கறாங்க" என்பது சோம்பேறித்தனமான பதில். இந்தியாவில் ஆலை அணிகள் நிறையவே இருந்தன. மான்செஸ்டர் யுனைடெட், 1878-ல் நியூட்டன் ஹீத் ரயில்பெட்டித் தொழிலாளர்கள் தொடங்கிய அணி. நம் பெரம்பூரில் 1955-ல் திறந்த ஐசிஎஃப்பும் ரயில்பெட்டி ஆலைதான், அதற்கும் சென்னை லீக்கில் ஆடும் அணி உண்டு. பஞ்சாபின் பக்வாராவில் ஜேசிடி துணி ஆலை 1971-ல் அணி தொடங்கியது. 1996-97-ல் முதல் தேசியக் கால்பந்து லீக்கை வென்றது அதுதான். பாய்ச்சுங் பூட்டியா அந்த சீசனில் 14 கோல் அடித்து முதலிடம். 2011-ல் கம்பெனி அணியைக் கலைத்தது. மும்பையில் 1962-ல் தொடங்கிய மஹிந்திரா அணி 2005-06-ல் தேசிய லீக் வென்றது, மூன்று முறை டியூரண்ட் கோப்பை வென்றது. 2010-ல் மூடப்பட்டது.

இதை வெஸ்ட் ஹாமோடு ஒப்பிட்டுப் பாருங்க. 1895-ல் தேம்ஸ் அயன்வொர்க்ஸ் கப்பல் பட்டறையின் அணியாகப் பிறந்த கிளப் அது. பட்டறையில் வேலைநிறுத்தம் நடந்து முடிந்த நேரம். முதலாளி ஆர்னால்ட் ஹில்ஸ் தொழிலாளர்களோடு உறவைச் சரிசெய்ய ஊக்குவித்த முயற்சி. 1912-ல் பட்டறை மூடிவிட்டது. கிளப் இருக்கிறது, மார்பில் இன்னும் இரண்டு சுத்தியல்கள் குறுக்காக. வுலிச் ஆயுத ஆலையும் 1967-ல் உற்பத்தியை நிறுத்தியது. கிளப் இருக்கிறது. அங்கே ஆலை செத்து அணி பிழைத்தது. இங்கே மஹிந்திரா டிராக்டரும் ஜீப்பும் அமோகமாக ஓடுகிறது, அணி செத்துவிட்டது.

வித்தியாசம் எங்கே? 1893-ல் ஆர்சனல் சொந்த மைதானம் வாங்க வேண்டி வந்தபோது பங்கு வெளியிட்டார்கள். சுமார் 860 பேர் வாங்கினார்கள், பலர் அதே ஆலையின் தொழிலாளர்கள். அணி அவர்களுடையது. நம் ஆலை அணிகள் கம்பெனியின் செலவுக் கணக்கில் ஒரு வரி. திறமையான பையனை விளையாட்டு கோட்டாவில் எடுப்பார்கள், அவன் வேலையே ஆடுவதுதான். ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட ஏற்பாடு அது, குறைசொல்ல மனசு வராது. ஆனால் ஒரு சர்க்குலரில் தொடங்கியதை இன்னொரு சர்க்குலர் முடித்துவிடும்.

தனியார் கிளப் என்றால் நிலைக்குமா? சென்னை சிட்டி எஃப்.சி.யைப் பாருங்க. 2018-19 ஐ-லீக்கில் 20 ஆட்டங்களில் 43 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் 42. 2019 மார்ச் 9, கோயம்புத்தூர், கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து ஒற்றைப் புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன். பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல். 2020-21-க்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கில் இல்லை. பட்டியலில் 43 இருக்கிறது, அணி இல்லை. லஃப்பரோவுக்குத் தமிழ்நாட்டில் ஒரு தம்பி.

எனவே பணமோ முதலாளியோ மட்டும் போதாது. அடியில் ஒரு கூட்டம் வேண்டும், அந்தக் கூட்டத்துக்கு ஒரே நேரத்தில் ஓய்வு வேண்டும். இங்கேதான் ஒரகடம் மாட்டிக்கொள்கிறது.

ஒரு ஆலையில் ஏ, பி, சி என்று மூன்று ஷிஃப்ட், மூன்றிலும் சமமான ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு 11 பேரைப் பிடித்தால் அத்தனை பேரும் ஒரே ஷிஃப்டில் இருக்க வாய்ப்பு 59,049-ல் ஒன்று. ஒரே லைனில் வேலை செய்பவர்கள் சேர்ந்தால் 11 பேர் கிடைப்பார்கள், சரி. ஆனால் எதிரணி? பக்கத்து கம்பெனிக்காரன் நைட் முடித்து ரூமில் தூங்கிக்கொண்டிருப்பான். அடுத்த வாரம் அவன் முழித்திருக்கும்போது இவர்கள் பஸ் ஏறியிருப்பார்கள். வாராந்திர ஆஃபும் ஆளுக்கொரு கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். இதோடு டிரெய்னி, கான்ட்ராக்ட் என்று மாறிக்கொண்டே இருக்கும் ஆட்கள். விழுப்புரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஒரே அறையைப் பகிர்பவர்கள், ஒருவர் எழுந்த பாயில் இன்னொருவர் படுப்பவர்கள், ஒரே அணியில் ஆடுவது எப்படி?

பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சுங்குவார்சத்திரத்தில் ஐஃபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையில் பெரும்பான்மை அவர்கள்தான். 1917-ல், முதல் உலகப் போர் நேரத்தில், இங்கிலாந்தின் ப்ரெஸ்டனில் டிக், கெர் ஆலைப் பெண்கள் உணவு இடைவேளையில் பந்து உதைக்க ஆரம்பித்தார்கள். மூன்று வருஷம் கழித்து, 1920 டிசம்பர் 26 அன்று, லிவர்பூலில் அவர்கள் ஆட்டத்துக்கு வந்த கூட்டம் 53,000. அடுத்த டிசம்பரில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்பு கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது. தடை நீங்க ஐம்பது வருஷம் ஆனது. தமிழ்நாட்டில் திறமைக்குப் பஞ்சமில்லை: நம் மகளிர் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன். 2019-ல் இந்திய மகளிர் லீக்கை வென்றது மதுரையின் சேது எஃப்.சி. ஹாஸ்டலிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து லைன், லைனிலிருந்து பஸ் என்று போகும் நாளில் அந்த ப்ரெஸ்டன் இடைவேளைக்கு இடம் எங்கே என்பதுதான் கேள்வி.

நேரம் இங்கேயும் அரசியல்தான். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, ஆனால் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி கிடைக்கும். நான்கு நாள் உழைத்தால் மூன்று நாள் லீவு என்று ஆதரவாளர்கள் சொன்னார்கள். கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். அந்த மூன்று நாள் லீவு எல்லாருக்கும் ஒரே மூன்று நாளாக இருக்குமா என்று அப்போது பெரிதாக யாரும் கேட்டதாக நினைவில்லை. 1850-ன் சட்டம் கொடுத்தது மணிக்கணக்கு மட்டும் இல்லை. ஒரு ஊர் முழுக்க ஒரே மதியம். கிளப் முளைத்தது அந்த "ஒரே"வில்.

ஆகவே ஒரகடத்துக்கு யாராவது கிளப் தொடங்க வந்தால், ஸ்பான்சரைத் தேடும் முன் ஷிஃப்ட் அட்டவணைகளைக் கேட்டு வாங்கட்டும். நாலு கம்பெனியின் அட்டவணையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாற்பது ஐம்பது பேருக்கு ஒன்றாகக் காலியாக இருக்கும் இரண்டு மணி நேரம் வாரத்தில் எங்கே என்று தேடட்டும். கிடைத்தால் தலைக்கு ஐம்பது ரூபாய் வசூலிக்கலாம். பந்து வாங்கிய தேதியையும் முதல் ஸ்கோரையும் ஒரு நோட்டில் குறித்து வைக்க மறக்க வேண்டாம், 0-8 என்றாலும்.