கத்திரியும் தொப்பிக்காரனும்

பெட்டிக்கடையில் நின்று "அண்ணாச்சி, கத்திரி ரெண்டு குடுங்க" என்று இன்றைக்குக் கேட்டால் காய்கறிக் கடைப் பக்கம் கை காட்டுவார்கள். எழுபதுகளின் கடைசியில், நான் டவுசர் போட்டுக்கொண்டு திரிந்த மதுரையில், அப்படிக் கேட்டால் இரண்டு சிகரெட் வரும். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவர்கள் அதை சிசர்ஸ் என்றார்கள். மற்றவர்களுக்கு அட்டையில் இருந்த கத்தரிக்கோல் படமே போதும்.

யோசித்துச் செய்த ஏற்பாடு அது. சிசர்ஸ் இங்கிலாந்தின் வில்ஸ் கம்பெனிச் சரக்கு. இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களிடம் முதலில் பரவி, அப்புறம் நம் ஆட்களிடம் வந்தது. 1910இல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி தொடங்கப்பட்டபோது இங்கே பெரும்பாலோருக்குத் தன் தாய்மொழியையே எழுதப் படிக்கத் தெரியாது. படம் போட்டு விற்றால் மொழிபெயர்க்க வேண்டியதில்லை, அவரவர் பாஷையில் அவரவரே பெயர் வைத்துக்கொள்வார்கள். இதே கம்பெனிதான் 1970இல் இந்தியா டொபாக்கோ ஆகி, 1974இல் ஐ.டி.சி. ஆனது. ஹைதராபாத்தின் வஸீர் சுல்தான் கம்பெனியும் இதையேதான் செய்தது. நாலு மினார் படம் போட்ட சார்மினார். தொண்டையைக் காறவைக்கிற சரக்கு, விலை சல்லிசு. சத்யஜித் ராயின் துப்பறியும் ஃபெலுதா பிடிப்பதும் சார்மினார்தான். ஐதராபாத் புகை கல்கத்தா மூளைக்கு எப்படிப் பிடித்துப்போனது என்பதைத் தனியாகவே எழுதலாம்.

அப்புறம் பாசிங் ஷோ. உயரத் தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரத் துரை வாயில் சிகரெட்டோடு நம்மைப் பார்ப்பார். எங்களுக்கு அவர் தொப்பிக்காரன். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்து அதை வாங்கிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

இவ்வளவும் எனக்கு அத்துப்படியானது புகைத்து அல்ல, விளையாடி. சிகரெட் அட்டை விளையாட்டு என்று ஒன்று இருந்தது. காலிப் பெட்டியின் முன்பக்கத்தைக் கிழித்து எடுத்து, வட்டம் போட்டு நடுவில் அடுக்கி, தள்ளி நின்று தட்டைக் கல்லை வீசி வட்டத்துக்கு வெளியே தள்ள வேண்டும். தள்ளிய அட்டை நமக்கு. ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு மதிப்பு. எங்கள் தெருவில் சார்மினார் 5, கத்திரி 10, பாசிங் ஷோ 25, பெர்க்லி 50, வில்ஸ் ஃபில்டர் 100. கோல்டு ஃப்ளேக்குக்கு வாய்ச்சண்டை நடக்கும். சிங்கப்பூரிலிருந்து யாராவது வந்து இறங்கிய வாரத்தில் 555 அட்டை ஒன்று புழக்கத்துக்கு வந்தால், அதை வைத்திருப்பவன் ஆட்டத்துக்கே வர மாட்டான். 500 மதிப்பை யார் பணயம் வைப்பார்கள்? அடுத்த தெருவில் வேறு விலை நிலவரம். அதனால் சார்மினாரை அங்கே கொண்டுபோய் மாற்றி லாபம் பார்த்த பயல்களும் உண்டு.

இந்த விலைகளை நாங்களாக இட்டுக்கட்டவில்லை. தெருவில் எது அதிகமாகக் குப்பையில் கிடக்கிறதோ அதற்கு மதிப்பு குறைவு, அவ்வளவுதான். மில் வேலைக்காரர்களும் ரிக்‌ஷாக்காரர்களும் குடியிருந்த தெருவில் ஃபில்டர் அட்டை கிடைக்க பேங்க் மேனேஜர் வீட்டு வாசல் வரை நடக்க வேண்டும். எந்த வீட்டில் எவ்வளவு சம்பளம் என்பது பத்து வயதில் எங்களுக்கு அட்டை வழியாகத் தெரிந்திருந்தது. பிற்பாடு கல்லூரியில் வர்க்கம் என்று புத்தகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தபோது பெரிதாகப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை.

என் பெரியப்பா மில்லில் வேலை பார்த்தார். ஃபில்டர் இல்லாத சிகரெட்தான். அது எந்த மார்க் என்று இங்கே வேண்டாம். அவர் அதைப் பிடிப்பதில் ஒரு சடங்கு இருந்தது. சிகரெட்டை எடுத்து வாட்ச் கண்ணாடி மேல் நாலு தட்டு தட்டுவார். ஃபில்டர் இல்லாததற்கு இரண்டு முனையும் ஒன்றுதான். தட்டினால் ஒரு முனையில் தூள் இறுகும், வாய்க்குள் உதிராது. அப்படியும் ஒன்றிரண்டு இழை நாக்கில் ஒட்டும். அதை 'த்பூ' என்று லேசாக ஊதித் துப்புவார். பற்றவைக்கத் தீப்பெட்டி தேவையில்லை, கடை ஓரத்தில் கங்கு பிடித்த கயிறு தொங்கும். அந்தத் தட்டலும் துப்பலும் எல்லாம் ஃபில்டர் வந்ததும் அர்த்தம் இழந்துவிட்டன.

இந்த மார்க்குகளெல்லாம் எங்கே போயின என்று கேட்டால், சனங்க ருசி மாறிப்போச்சு என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கம்பெனிப் பட்டியலில் இந்தப் பெயர்களில் சில பிறகும் இருந்தன. காணாமல் போனது ஃபில்டர் இல்லாத கட்டை சிகரெட். அதற்கு நாள், தேதி உண்டு. 1987 பட்ஜெட்டிலிருந்து சிகரெட்டுக்கு நீளத்தை அளந்து கலால் வரி போட்டார்கள். பிற்பாடு 60 மில்லிமீட்டருக்குள் அடங்கிய ஃபில்டர் இல்லாத சிகரெட்டுக்கு மட்டும் மிகக் குறைந்த வரி என்று வைத்தார்கள். ஏழையின் சிகரெட் உயிரோடு இருந்தது அந்தச் சலுகையில்தான். 2008 பிப்ரவரி 29 அன்று நிதியமைச்சர் ப. சிதம்பரம், ஃபில்டர் இல்லாததற்குத் தனிச் சலுகை காட்ட நியாயம் இல்லை என்று சொல்லி வரியை ஃபில்டருக்குச் சமமாக்கினார். ஆயிரம் சிகரெட்டுக்கு 168 ரூபாயாக இருந்தது 819 ரூபாய் ஆனது. அதாவது ஒரு சிகரெட்டுக்குப் பதினேழு பைசா வரி எண்பத்திரண்டு பைசா. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. அதைத் தாங்கி விற்க முடியாமல் ஐ.டி.சி. ஃபில்டர் இல்லாத சிகரெட் செய்வதையே விட்டுவிட்டது. முக்கால் நூற்றாண்டுக்கு மேல் விற்ற சரக்கு ஒரு பட்ஜெட்டில் முடிந்தது. விளம்பரம் ஏற்கெனவே 2004 மே மாதத்தோடு நின்றிருந்தது. அதே 2008இல், அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்தபோது, அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கவும் தடை வந்தது.

அவர் சொன்ன நியாயத்தில் குற்றம் காண முடியாது. நஞ்சில் எதற்கு மலிவு நஞ்சு? ஆனால் அதே வரிப் பட்டியலில் கையால் சுற்றிய பீடி ஓரமாகப் பத்திரமாக இருந்தது. அதைச் சுற்றும் லட்சக்கணக்கான பெண்களின் பிழைப்பு அதில் இருக்கிறது, கை வைப்பது லேசான காரியமில்லை. எனவே எங்கள் பெரியப்பா, ரிட்டையர் ஆகிப் பென்ஷனை எண்ணிக்கொண்டிருந்தவர், அந்தக் கோடையில் சிகரெட்டை விட்டார். வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். பத்து நாளில் சட்டைப் பையில் பீடிக் கட்டு. "இது நாட்டுச் சரக்குடா, கெடுதல் இல்லே" என்றார். இரண்டு வருஷம் கழித்து நுரையீரலில் கட்டி என்றார்கள். அதற்குப் பிறகு அவருக்கு அதிக நாள் இருக்கவில்லை.

இப்போது பழைய அட்டைகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். படம் போட்டு ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். நானும் பார்க்கிறேன். தொப்பிக்காரனைக் கண்டால் எனக்கும் உள்ளே ஏதோ குளிர்கிறது. அந்தத் துரையை அப்படி வரைந்தவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கும், பத்து வயதுப் பையனின் கண்ணில் அது எத்தனை வருஷம் தங்கும் என்று. கவனித்தால் இன்னொன்றும் தெரியும்: இந்த ஞாபகங்களை எழுதுகிற அத்தனை பேரும் ஆம்பிளைகள்.

போன பொங்கலுக்குப் பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பத்தி ரெண்டு வயது, காது நன்றாகக் கேட்கிறது. பெரியப்பா நடுவில் சில வருஷம் மார்க் மாற்றினாரே, அது எந்த வருஷம் என்று கேட்டேன்.

"மார்க்கா? அதெல்லாம் எனக்கென்னப்பா தெரியும்? சட்டையை ஊறப் போடுறப்ப எல்லாம் ஒரே நாத்தம்தான்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "இருமல் எப்போ ஆரம்பிச்சுதுன்னு கேளு, சொல்றேன். நம்ம செல்விக்குக் காது குத்துன வருஷம். ஆவணி மாசம்."