காலிக் கல்லின் மூன்று மொழிகள்

முஸ்லிம்கள் பிறர் சமயத்தை மதியாதவர் என்று என் மாணவனொருவன் கட்டுரையில் எழுதியிருந்தான். அவ்வரியை நான் அடிக்கவில்லை. அவனைக் கொழும்பு நூதனசாலைக்கு அழைத்துச் சென்றேன்.

அங்குள்ள ஒரு கல், 1911இல் காலி நகரில் மதகொன்றின் மூடுகல்லாய்க் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அதனைச் சீனப் பேரரசர் பெயரால் இலங்கைக்குக் கொணர்ந்தவர் கடற்படைத் தலைவர் செங் ஹோ. யுன்னானில் முஸ்லிம் குடும்பத்திற் பிறந்தவர். சீன எழுத்து புத்தபிரானையும், தமிழ் எழுத்து தேவந்துறைத் தேனாவரை நாயனாரையும், தேய்ந்துபோன பாரசீக எழுத்து இஸ்லாத்தையும் போற்றுகின்றன. பொன்னும் வெள்ளியும் பட்டும் எண்ணெயுமாகிய காணிக்கைகள் மூவிடத்திற்கும் ஏறத்தாழ ஒரே அளவின.

செங் ஹோ வெறும் அமைதித் தூதரல்லர். இந்நாட்டு அரசனொருவனையே சிறைப்பிடித்துச் சென்றவர். அதனையும் மறையாது கூறினேன்.

மாணவன் விடை கூறவில்லை. குனிந்து, தமிழ் வரிகளை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினான்.