மைக்ரோகிராம் கணக்கு

உப்பளத் தொழிலில் பாமே மானி என்று ஒரு கண்ணாடி மிதவை உண்டு. பாத்தி நீரில் விட்டால் டிகிரி சொல்லும். 25 டிகிரிக்குப் பக்கத்தில் வந்தால் உப்பு படிய ஆரம்பிக்கும். 30ஐத் தாண்ட விட்டால் கசப்பு உப்புகளும் கூடவே வந்து சேரும். விலை குறைந்த, எளிய கருவி. பாத்தி ஓரத்தில் நின்றபடியே நீரின் நிலையைத் தெரிந்துகொள்ளலாம்.

மரக்காணம் உப்பளங்களுக்கு அருகில்தான் பக்கிங்ஹாம் கால்வாய் தெற்கே முடிகிறது. ஒரு காலத்தில் படகில் உப்பு போன வழி. இங்கிருந்து சென்னை, நெல்லூர் தாண்டி சுமார் 420 கிலோமீட்டர் வடக்கே போனால் அதன் மறுமுனை, ஆந்திராவின் பெத்தகஞ்சாம். அதுவும் உப்பளக் கரைதான். ஆனால் கரையை விட்டு உள்ளே நடந்தால் கரிசல் மண், பருத்தி. பிரகாசம், குண்டூர் மாவட்டங்கள். 1987இல் அங்கே நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன். அந்தப் பருத்தி வயலோரத்தில் பாமே மானி மாதிரி எதுவும் இல்லை.

1980களின் தொடக்கத்தில் பைரெத்ராய்டு வகை மருந்துகள் இந்தியப் பருத்திக்கு வந்தன. சைபர்மெத்ரின், ஃபென்வலரேட் போன்றவை. ஏக்கருக்குக் கொஞ்சம் அடித்தாலே காய்ப்புழு சுருண்டு விழும். பழைய மருந்துகளைப் போல லிட்டர் கணக்கில் ஊற்ற வேண்டாம். விவசாயிக்கு அது அதிசயம் மாதிரிதான் இருந்திருக்கும். அடுத்த ஐந்தாறு வருஷத்துக்கு அந்த அதிசயத்தையே நம்பிப் பயிர் வைத்தார்கள்.

1987-88 பருவத்தில் அது வேலை செய்யவில்லை. அடித்த மறுநாளும் புழு காயைக் குடைந்துகொண்டிருந்தது. திரும்ப அடித்தார்கள். ஒரே பருவத்தில் 20, 30 முறை அடித்தவர்கள் உண்டு. மகசூல் விழுந்தது, கடன் நின்றது, பிரகாசம் மாவட்டத்திலிருந்து தற்கொலைச் செய்திகள் வந்தன. பருத்தி விவசாயியின் தற்கொலை என்றால் நமக்கு உடனே விதர்பாவும் 1997-98 வாரங்கலும்தான் ஞாபகம் வரும். இது அதற்கும் பத்து வருஷம் முந்தைய கதை.

அந்த விவசாயியின் இடத்தில் நின்று பாருங்கள். புழு சாகவில்லை. மூன்று காரணம் இருக்கலாம். மருந்து போலி. அல்லது மருந்து நல்லதுதான், செடிக்குள் புழு இருக்கும் இடத்துக்கு அது போய்ச் சேரவில்லை. அல்லது புழுவே மாறிவிட்டது. வரப்பில் நின்று பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்: உயிரோடு ஒரு புழு. மருந்துக்கடையில் போய்ச் சொன்னால், “அந்த டப்பா சரியில்லண்ணே, இத அடிச்சுப் பாருங்க. வேணும்னா ரெண்டையும் கலந்து அடிங்க” என்பார்கள். முதல் காரணத்துக்கு அது நியாயமான யோசனை. மூன்றாவது காரணமாக இருந்தால், எரிகிற இடத்தில் எண்ணெய்.

மூன்றையும் பிரித்துச் சொல்ல ஒரே வழி ஆய்வகச் சோதனை. வயலிலிருந்து முட்டைகளைச் சேகரித்து வந்து, ஆய்வகத்தில் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் குப்பியில்தான் வளர்க்கணும், சேர்த்து விட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். 30-40 மில்லிகிராம் எடை வந்ததும் அதன் முதுகில் ஒரு மைக்ரோலிட்டர் சொட்டு. அந்தச் சொட்டுக்குள் 0.1 மைக்ரோகிராம் சைபர்மெத்ரின். மாறாத புழுக்கள் என்றால் கிட்டத்தட்ட எல்லாமே இந்த அளவுக்குச் செத்துவிடும். ஆறு நாள் கழித்து எண்ணிப் பார்த்து எத்தனை பிழைத்திருக்கின்றன என்று எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்து பத்து மடங்கு, ஒரு மைக்ரோகிராம். திரும்ப எண்ண வேண்டும். அவ்வளவுதான் கண்காணிப்பு. வாராவாரம், ஊர் ஊராக, சலிப்பான வேலை.

1987 புழுக்களுக்கு இந்த வகைச் சோதனைகள் நடந்தன. டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தினர் 1988இலும், இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தினர் 1989இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். புழு மாறியிருந்தது. பதில் சரிதான், ஆனால் பருவம் முடிந்து, கடன்காரன் வந்து போன பிறகு கிடைத்த பதில்.

“மருந்துக்குப் பழகிடுச்சு” என்று ஊரில் சொல்வார்கள். நல்ல சொல், ஆனால் கொஞ்சம் திசை திருப்பும். எந்தப் புழுவும் பழகுவதில்லை. விஷத்தை உடைக்கும் நொதி சில புழுக்களில் பிறப்பிலேயே அதிகமாக இருக்கும்; சிலவற்றின் நரம்பில் மருந்து ஒட்டாது. மற்றவை சாக, இவை மட்டும் அடுத்த தலைமுறைக்குத் தாய் தகப்பன் ஆகின்றன. அதனால் ஒவ்வொரு தெளிப்பும் ஒரு தேர்வு. 1914லேயே அமெரிக்காவில் மெலாண்டர் என்ற பூச்சியியலாளர் ஆப்பிள் மரத்துச் செதில்பூச்சியை வைத்து இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டார்.

இதே புழு, இதே மருந்து, 1983இல் ஆஸ்திரேலியாவில். குவின்ஸ்லாந்தின் எமரால்ட் பகுதியில் பைரெத்ராய்டு தோற்றது. அடுத்த பருவத்துக்குள் ஒரு கட்டுப்பாடு வந்துவிட்டது: பைரெத்ராய்டை வருஷத்தில் 42 நாள் மட்டும்தான் அடிக்கலாம். அந்த மருந்தைச் சந்திக்கும் தலைமுறை ஒன்றோடு நிற்கட்டும் என்ற கணக்கு. சட்டமில்லை, பெரும்பாலும் விவசாயிகள் தாங்களாக ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு பருவமும் புழுக்களைச் சேகரித்துச் சோதித்து, அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நாட்களைச் சுருக்கினார்கள். எதிர்ப்புத்திறன் அங்கேயும் மெல்ல ஏறத்தான் செய்தது. ஆனால் மருந்து மேலும் பல ஆண்டுகள் கைகொடுத்தது. அங்கே பண்ணைகள் பெரியவை, எண்ணிக்கையில் குறைவு. ஒரு கூட்டம் போட்டால் ஒரு பள்ளத்தாக்கே வந்துவிடும். ஐந்து ஏக்கர்க்காரர்கள் லட்சக்கணக்கில் இருக்கிற நாட்டில் அதை அப்படியே எதிர்பார்ப்பது அநியாயம்.

இந்தியாவில் 1990களில் தொடர்ச்சியான கண்காணிப்பு ஐதராபாத் அருகே படான்சேருவில், இக்ரிசாட் நிறுவனத்தில் நடந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த நிறுவனத்துக்கும் பருத்திக்கும் சம்பந்தமில்லை. கொண்டைக்கடலை, துவரை, நிலக்கடலை, சோளம், கம்பு இவைதான் அதன் பயிர்கள். ஆனால் கடலையையும் துவரையையும் தின்கிற புழு பருத்திக் காய்ப்புழுவேதான். பருத்தியில் தப்பிய அந்துப்பூச்சி துவரைக்காட்டுக்குப் பறக்கும், தன் மாற்றத்தையும் சுமந்துகொண்டு. பருத்திக்கே அடித்திராத துவரைக்காரரும் அதற்கு விலை கொடுப்பார். பிறகு நாக்பூரில் உள்ள மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தில் கேசவ் கிராந்தியின் குழு இந்த வேலையை விரித்தது. 2002இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் இந்தியப் பருத்தியின் ஐந்து முக்கியப் பூச்சிகளின் எதிர்ப்புத்திறன் பதிவாகியிருக்கிறது. அதையொட்டி கிராமங்களுக்கும் ஒரு திட்டம் போனது. ஆரம்பத்தில் மருந்தே அடிக்காதே, நன்மை செய்யும் பூச்சிகள் பிழைக்கட்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் வேறு வகை மருந்து. பைரெத்ராய்டைக் கடைசிக்கு வை.

அதே 2002 மார்ச்சில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே தயாரிக்கும். தெளிப்பு குறைந்தது, காய்ப்புழு அடங்கியது, அது உண்மை. ஆனால் இப்போது மருந்து பருவம் முழுக்க, ஒவ்வொரு இலையிலும் இருந்தது. 42 நாள் என்று நிறுத்திவைக்க இதில் வழியில்லை. அதற்கு மாற்றாக ஓர் ஏற்பாடு செய்தார்கள்: 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதா விதைப் பொட்டலம். அதை வயலைச் சுற்றி நட வேண்டும். மாறாத புழுக்கள் அங்கே பிழைத்து, மாறியவற்றோடு கலந்து, மாற்றத்தை நீர்த்துப்போகச் செய்யும்.

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் புழுவுக்கென்று நிலம் ஒதுக்கச் சொன்னால், ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் என்ன செய்வார்? 2008இல் குஜராத்தின் அம்ரேலியில் சேகரித்த இளஞ்சிவப்புக் காய்ப்புழுக்கள் முதல் பி.டி. புரதத்துக்குச் சாகவில்லை. 2010இல் மான்சாண்டோவே அதை ஒப்புக்கொண்டது. இரண்டு புரதம் கொண்ட அடுத்த ரகத்தையும் 2014-15க்குள் அதே மாநிலத்தில் புழு குடைந்துகொண்டிருந்தது. பெரும்பாலான வீடுகளில் அந்த 120 கிராம் பொட்டலத்தை யாரும் பிரிக்கவே இல்லை.