கொங்கு நாட்டில் வெளிமாநிலத் தொழிலாளர் உரிமைகள்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு முதலிய கொங்கு மாவட்டங்களின் நூற்பாலைகள், பின்னலாடை நிறுவனங்கள், விசைத்தறிக் கூடங்கள், அரிசி ஆலைகள், தேங்காய்க் களங்கள், கோழிப் பண்ணைகள், மலைத் தோட்டங்கள் ஆகியவற்றில் பிற மாநிலத்தவர் பெருமளவில் வேலை செய்கின்றனர். அவர்களுடைய வேலை, கூலி, தங்குமிடம், ஊர் திரும்புதல் பற்றிய சட்டங்களின் வரலாறு இக்கட்டுரையின் பொருள். பீகாரைச் சேர்ந்த இந்தியக் குடிமகன் ஒருவர் திருப்பூர் மாவட்டத் தாராபுரத்தில் வேலை பார்க்க எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. வேலை பார்த்தார் என்பதற்கு மட்டும் ஒரு தாள் வேண்டியிருக்கிறது. அதை யார் தருவது, அதில் என்ன எழுதுவது என்ற கேள்வியைச் சுற்றியே இச்சட்டங்கள் வளர்ந்துள்ளன.

பெயரும் வரையறையும்

பேச்சு வழக்கில் இவர்களை ‘வடமாநிலத்தவர்’, ‘இந்திக்காரங்க’ என்கிறார்கள். ஒடியாவும் அசாமியும் வங்காளமும் பேசுவோரும் இப்பெயருக்குள் அடக்கம். சட்டத்தில் இவர்கள் ‘மாநிலங்களுக்கிடையே புலம்பெயர்ந்த தொழிலாளர்’.

உரிமையின் அடித்தளம் அரசமைப்பில் உள்ளது. பிரிவு 19, நாட்டின் எப்பகுதிக்கும் செல்லவும், அங்கே குடியிருக்கவும், விரும்பிய தொழிலைச் செய்யவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. பிறந்த ஊரைக் காட்டி அரசு வேலையை மறுப்பதைப் பிரிவு 16 தடுக்கிறது. கட்டாய உழைப்பைத் தடை செய்யும் பிரிவு 23, குடிமகன் அல்லாதவருக்கும் பொருந்தும்.

முன்வரலாறு: முன்பணமும் துண்டும்

இன்று ஆள் வந்து சேரும் கொங்கு நாடு, ஒரு காலத்தில் ஆள் அனுப்பிய நாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் தமிழ்நாட்டின் வறண்ட வட்டாரங்களிலிருந்து ஆள் சேர்க்கும் கங்காணிகள் வழியே இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் ஆட்கள் போயினர். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் போனவர்களைக் கூட்டிச் சென்றவர்கள் மேஸ்திரிகள். எங்கு போனாலும் முதலில் கைக்கு வந்தது முன்பணம்.

முன்பணம் வாங்கியவர் வேலையை விட்டுப் போனால் சிறைக்கு அனுப்ப வழி செய்தது 1859-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம். கடன் கொடுக்கல் வாங்கலாக இருந்ததை அது குற்ற வழக்காக்கியது. 1903-இல் சென்னை மாகாணம் தோட்டத் தொழிலாளருக்கென்று தனிச் சட்டமே இயற்றியது.

இலங்கையில் ‘துண்டு’ முறை இருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து வேறு தோட்டத்துக்கு மாற விரும்புபவரின் கடன் எவ்வளவு, யார் அடைத்தால் அவரை விடுவிக்கலாம் என்று எழுதித் தரும் சீட்டு அது. தொழிலாளி கையில் இருந்த தாள் அவருடைய கடனைச் சொன்னது, உழைப்பைச் சொல்லவில்லை. அம்முறை 1921-இல் ஒழிக்கப்பட்டது. இந்தியாவில் 1922-இன் குடியேற்றச் சட்டம் ஆள் அனுப்புவதை அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 1938-இல் மலாயாவுக்கும் 1939-இல் இலங்கைக்கும் கூலியாட்கள் போவது தடுக்கப்பட்டது.

போன இடத்தில் உரிமை நிலைக்காமல் போனதற்கும் இவ்வரலாற்றில் சாட்சி உண்டு. 1948-இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அப்படித் திரும்பியவர்களுக்காகவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன.

விடுதலைக்குப் பின்

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் வந்தது. வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை அது தோட்ட முதலாளியின் கடமையாக்கியது. முன்பணத்துக்கு ஈடாக ஆளைப் பிடித்து வைப்பதை 1976-இன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கியது. அச்சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. 1859-இல் ஓடிப்போனவர் குற்றவாளி. 1976-இல் பிடித்து வைத்தவர் குற்றவாளி. இந்தத் தலைகீழ் மாற்றத்துக்கு 117 ஆண்டுகள் ஆயின. ஆயினும் விசைத்தறிக் கூடங்களில் முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் வழக்கம் அதன்பின்னும் நீடித்தது.

தமிழ்நாடு 1981-இல் கொண்டுவந்த நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டமும் குறிப்பிடத்தக்கது. 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். எந்த மாநிலத்தவர் என்று அச்சட்டம் கேட்பதில்லை. 480 நாட்களையும் நிரூபிக்க வருகைப் பதிவேடு மட்டும் வேண்டும்.

1979-இன் சட்டம்

ஒடிசாவில் ‘தாதன்’ என்னும் ஒரு முறை இருந்தது. சர்தார்கள் கிராமங்களில் முன்பணம் கொடுத்து ஆட்களைத் திரட்டித் தொலைதூர வேலைத்தளங்களுக்குக் கொண்டுபோவார்கள். சொன்ன கூலியும் கிடைக்காது, திரும்பும் வழியும் இருக்காது. இம்முறையைக் கட்டுப்படுத்தும் நோக்கில் பிறந்ததே மாநிலங்களுக்கிடையே புலம்பெயர்ந்த தொழிலாளர் சட்டம், 1979. அது 1980 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்தது.

2025 வரை நடைமுறையிலிருந்த அதன் விதிகள் இவை: ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வெளிமாநிலத்தவர் வேலை செய்யும் நிறுவனம் பதிவு பெற வேண்டும்; ஆள் கொண்டுவரும் ஒப்பந்ததாரர் உரிமம் பெற வேண்டும். ஒவ்வொருவருக்கும் புகைப்படம் ஒட்டிய பாஸ் புத்தகம் தர வேண்டும். வேலை செய்யும் இடம், காலம், கூலி விகிதம், பிடித்தம், ஊர் திரும்பும் செலவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஊரை விட்டு வந்ததற்காக மாதக் கூலியில் பாதி அல்லது 75 ரூபாய், எது அதிகமோ அதை இடப்பெயர்வுப் படியாகத் தர வேண்டும். அதைத் திரும்பக் கேட்கக் கூடாது. வழிச்செலவும், பயண நாட்களுக்குக் கூலியும் தனி. ஒரே வேலைக்கு உள்ளூர்க்காரருக்குத் தரும் கூலியையே இவர்களுக்கும் தர வேண்டும். ஒப்பந்ததாரர் கூலியைத் தராவிட்டால் முதன்மை முதலாளி தர வேண்டும்.

தாளில் இவ்வளவு இருந்தும் இச்சட்டம் கொங்கு நாட்டில் பெரிதாக வேரூன்றவில்லை. ஒப்பந்ததாரர் வழியாகத் திரட்டப்பட்டவரை மட்டுமே அது தொழிலாளியாகக் கண்டது என்பது முக்கியக் காரணம். அண்ணன் போன் செய்து வரச் சொல்ல, தன் காசில் சீட்டு எடுத்து ரயிலேறி வந்த தம்பி அதன் வரையறைக்குள் வரவில்லை.

உச்ச நீதிமன்றம் 1982-இல் ‘ஆசியாட் வழக்கு’ எனப்படும் வழக்கில் வேறொரு வாசலைத் திறந்தது. தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானங்களில் வேலை செய்தவர்கள் பற்றிய அவ்வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது பிரிவு 23 தடுக்கும் கட்டாய உழைப்பே என்று நீதிபதி பி.என்.பகவதி எழுதினார். வறுமையும் ஒருவகை நிர்ப்பந்தம் என்பது அத்தீர்ப்பின் அடிப்படை.

திருப்பூரும் தாராபுரம் வட்டாரமும்

திருப்பூர்ப் பனியன் தொழிலுக்கு முதலில் வந்த வெளியூர்க்காரர்கள் மதுரை, தேனி, திண்டுக்கல், திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர்கள். பல நூற்பாலைகளில் ‘சுமங்கலி’ போன்ற பெயர்களில் இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கவைத்து, முடிவில் மொத்தத் தொகை தரும் முறை இருந்தது. பயிற்சியாளர் என்ற பெயரில் குறைந்தபட்சக் கூலியைத் தவிர்த்தது அதன் மீதான முதன்மைக் குற்றச்சாட்டு. இரண்டாயிரத்துக்குப் பின் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலத்தவர் வரவு பெருகியது. 2015–16 வாக்கில் மாநில அரசு எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் சுமார் 10.67 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர் இருந்தனர். சென்னையைச் சுற்றிய மாவட்டங்களுக்கு அடுத்து கோவையும் திருப்பூரும் அதில் பெரும்பங்கு கொண்டிருந்தன.

அமராவதிக் கரையிலுள்ள தாராபுரம் முன்பு ஈரோடு மாவட்டத்தில் இருந்தது. 2009-இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. இங்கே ரயில் நிலையம் இல்லை. தன்பாத்–ஆலப்புழை வண்டியில் திருப்பூரிலோ ஈரோட்டிலோ இறங்குபவர் பேருந்து பிடித்துத்தான் வந்தாக வேண்டும். தாராபுரத்தாரும் அருகிலுள்ள மூலனூராரும் கம்பெனி பஸ் ஏறித் திருப்பூருக்கு வேலைக்குப் போக, உள்ளூர் நூற்பாலைகளிலும் பண்ணைகளிலும் அந்த இடத்தை வடக்கிலிருந்து வந்தவர் நிரப்புகிறார்.

காங்கயம், வெள்ளகோவில் பக்கத் தேங்காய்க் களங்கள் சட்டத்தின் கண்ணுக்கு எளிதில் படாத இடங்கள். உடைத்த தேங்காயை வெயிலில் பரப்பி, ஓடு விட்டதும் பருப்பைத் தோண்டி எடுத்து மறுபடி காயவைக்கிறார்கள். வேலைக்கு வந்த குடும்பம் களத்து ஓரத்துக் கொட்டகையிலேயே தங்கும். கணவன் உடைக்க, மனைவி தோண்ட, கணக்கு நோட்டில் பெரும்பாலும் கணவன் பெயர் ஒன்றே இருக்கும். இரண்டு பேர் உழைப்பு ஒரு பெயரில் ஏறினால், மற்றவர் சட்டத்தின் முன் அங்கே வேலையே செய்யவில்லை.

பனியன் கம்பெனியில் சிக்கல் வேறு மாதிரி. ‘ஒன்றரை ஷிப்டு’ என்றால் 12 மணி நேரம். நாளில் ஒன்பது மணி நேரத்துக்கோ வாரத்தில் 48 மணி நேரத்துக்கோ மேற்பட்ட வேலைக்கு இரட்டைக் கூலி என்றது 2025 வரை நடைமுறையிலிருந்த தொழிற்சாலைச் சட்டம். ஷிப்டுக் கணக்கில் பார்த்தால் அந்த அரை ஷிப்டு அரை ஷிப்டாகவே தெரியும். மாதம் 21,000 ரூபாய் வரை கூலி பெறுபவருக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவம் உண்டு, அதைச் சொந்த ஊரிலும் பெறலாம். வேலையில் இறந்தவரின் மனைவி தான் குடியிருக்கும் ஊரிலிருந்தே இழப்பீடு கோர, இழப்பீட்டுச் சட்டத்தின் 1995-இன் திருத்தம் வழி செய்தது. எதற்கும் முதற்படி, அவர் பெயர் நிறுவனத்தின் பதிவேட்டில் இருப்பது.

2020-உம் அதன் பின்னும்

2020 மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கால் நாடு முடங்கியபோது, யார் எங்கே வேலை செய்கிறார் என்ற பட்டியல் அரசுகளிடம் முழுமையாக இல்லை என்பது தெரிந்தது. மே 1 முதல் சிறப்பு ரயில்கள் ஓடின. திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பினர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து எடுத்த வழக்கில் 2021 ஜூன் 29 அன்று தீர்ப்பளித்து, எல்லா மாநிலங்களும் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தைச் செயல்படுத்த உத்தரவிட்டது. தமிழ்நாடு 2020 அக்டோபரிலேயே அதில் சேர்ந்திருந்தது. அமைப்புசாராத் தொழிலாளரைப் பதியும் இ-ஷ்ரம் தளம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது.

2023 மார்ச்சில் வேறொரு சோதனை வந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் கொல்லப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. ஊர் திரும்பத் திருப்பூர் ரயில் நிலையத்தில் கூட்டம் கூடியது. காவல்துறை உதவி எண்களை அறிவித்து இந்தியில் விளக்கம் தந்தது. பீகார் அரசின் குழு நேரில் வந்து பார்த்துச் சென்றது.

வெளிமாநிலத்தவரைக் கட்டுப்படுத்த வேண்டும், உள்ளூராருக்கு இடஒதுக்கீடு வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்து வந்துள்ளது. தனியார் வேலையில் 75 விழுக்காட்டை உள்ளூராருக்கு ஒதுக்கிய அரியானாவின் சட்டத்தை 2023 நவம்பரில் பஞ்சாப்–அரியானா உயர் நீதிமன்றம் செல்லாது என்றது.

புதிய தொகுப்புச் சட்டம்

1979-இன் சட்டம் உள்ளிட்ட 29 தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒன்றான தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு, தன் முயற்சியில் வந்தவரையும் புலம்பெயர்ந்த தொழிலாளியாக ஏற்கிறது. 18,000 ரூபாய் மாதக் கூலி வரம்புக்குட்பட்ட இந்த மாற்றத்தில், ரயிலேறி வந்த தம்பிக்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்துச் சட்டத்தில் இடம் கிடைத்தது. ஊர் போய்வரப் பயணச் செலவும், கட்டணமில்லா உதவி எண்ணும் அதில் உண்டு.

இழந்ததும் உண்டு. இடப்பெயர்வுப் படி நீங்கியது. ஐந்து பேர் என்ற வரம்பு பத்தாக உயர்ந்தது. ஆறேழு பேரை வைத்துத் தறி ஓட்டும் கூடங்களும் சிறு களங்களும் நிறைந்த கொங்கு நாட்டில் இந்த எண் மாற்றம் சிறிய மாற்றமல்ல.

அயல்நாட்டவர் நிலை

அயல்நாட்டவருக்கு உண்மையிலேயே வேலை அனுமதி தேவை. வேலை விசாவுக்கு ஆண்டுச் சம்பளம் பொதுவாக 16.25 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது என்பதால், கூலித் தொழிலாளர் அவ்வழியில் வர முடியாது. 1950-இன் ஒப்பந்தப்படி நேபாளத்தவருக்கு இக்கட்டுப்பாடு இல்லை. ஆவணமின்றி வந்த வங்கதேசத்தவர் திருப்பூர் வட்டாரத்தில் அவ்வப்போது கைதாகியுள்ளனர். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள குடிவரவு, அயல்நாட்டவர் சட்டப்படி இக்குற்றத்துக்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு. ஆயினும் ஆவணமில்லாதவரிடமும் கூலியின்றிக் கட்டாயமாக வேலை வாங்க யாருக்கும் உரிமையில்லை. அங்கேயும் பிரிவு 23 காவல் நிற்கிறது.

பவானிசாகர், அரச்சலூர், பூலுவப்பட்டி மறுவாழ்வு முகாம்களில் வாழும் ஈழத் தமிழர் நிலை, குடிமகன், அயல்நாட்டவர் என்ற இரண்டுக்கும் நடுவில் உள்ளது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து, மேற்கண்ட சட்டத்தின்கீழ் வந்த 2025-இன் ஆணை விலக்கு தந்தது. அவர்களில் பலர் பெயிண்ட் அடித்தும் கட்டட வேலை செய்தும் பிழைக்கின்றனர். குடியுரிமையோ வேலை விசாவோ இல்லாமல், அன்றன்றைய கூலியை நம்பியே அவர்கள் வாழ்வு நடக்கிறது.

மதிப்பீடு

துண்டுச் சீட்டு முதலாளி எழுதித் தந்த கடன் சாட்சி. பாஸ் புத்தகம் ஒப்பந்ததாரர் தர வேண்டியிருந்த உழைப்புச் சாட்சி. அது பலர் கைக்கு வரவேயில்லை. இ-ஷ்ரம் பதிவைத் தொழிலாளி தானே செய்துகொள்ளலாம், ஆனால் எந்த முதலாளியிடம், எந்தக் கூலிக்கு, எத்தனை நாள் வேலை செய்தார் என்பதற்கு அது சான்றாகாது. அதற்குரிய பதிவேடு இன்னமும் முதலாளியின் மேசையில்தான் இருக்கிறது. களத்து நோட்டில் கணவன் பெயருக்குக் கீழே மனைவியின் பெயரும் எழுதப்படுகிறதா என்பதே இச்சட்டங்கள் எவ்வளவு தூரம் வந்து சேர்ந்தன என்பதற்கு அளவுகோல்.