கைலிக் கட்டமும் ஸ்காட்லாந்துக் கட்டமும்

மூன்று வருஷம் முன்னாடி இதே பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "மெட்ராஸ் செக்ஸ் துணி, ஸ்காட்லாந்து சிப்பாய்கள் போட்டிருந்த டார்ட்டனைப் பார்த்து நம்ம நெசவாளர்கள் செய்த நகல்." பல இடங்களில் படித்ததை யோசிக்காமல் எடுத்துப் போட்டது. அது தப்பு. திருத்த வேண்டியது என் கடமை.

சந்தேகம் வந்தது மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில், கைலி வாங்கும்போது. கடைக்காரர் விரித்துப் போட்ட கைலியைப் பார்த்து, கூட வந்த நண்பர், "இது அப்படியே ஸ்காட்டிஷ் டிசைன் சார்" என்றார். அவர் படித்தது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கிறிஸ்தவக் கல்லூரியில். 1837-ல் ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் ஆரம்பித்து, 1937-ல் தாம்பரத்துக்கு வந்த கல்லூரி. அவருக்கு அப்படித் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

முதலில் கட்டம் எப்படி வருதுன்னு பார்ப்போம். டார்ட்டன் என்பது அச்சடித்த படமில்லை, ஒரு கணக்கு. சிவப்பு இத்தனை இழை, பச்சை இத்தனை இழை என்று வரிசை. பாவில் எந்த வரிசையோ, ஊடையிலும் அதே வரிசை. பெரும்பாலானவற்றில் அந்த வரிசை ஓர் இடத்தில் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி வரும். இரண்டு நிற நூல் கொடுத்தால் கண்ணுக்கு மூன்று நிறம் தெரியும்: சிவப்பு, பச்சை, இரண்டும் குறுக்கிடும் இடத்தில் ஒரு கலவை. மூன்று நூலுக்கு ஆறு, ஆறு நூலுக்கு இருபத்தொன்று.

வித்தியாசம் நெசவில் இருக்கு. டார்ட்டன் பெரும்பாலும் கம்பளி நூல். ஊடை, இரண்டு இழைக்கு மேலே, இரண்டு இழைக்குக் கீழே போகும்; ஒவ்வொரு வரிக்கும் ஓர் இழை நகரும். அதனால் கலவை நிறத்தில் மெல்லிய சாய்வுக் கோடுகள் தெரியும். நம்ம கைலி பருத்தி. ஒன்று மேலே, ஒன்று கீழே, அவ்வளவுதான். சாய்வுக் கோடு இருக்காது, புள்ளி புள்ளியாகக் கலக்கும்.

இப்போது வருஷக் கணக்கு. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டியது 1613-ல். அங்கிருந்து சோழமண்டலத் துணி தென்கிழக்காசியாவுக்குக் கப்பலேறியது. மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'கைன் பெலிகாட்' என்கிறார்கள். பெலிகாட் என்றால் பழவேற்காடு! மக்லியோடின் ஹைலாண்டர் படை சென்னையில் வந்து இறங்கியதோ 1780-ல். அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்திலேயே டார்ட்டனுக்குத் தடை. 1746-ல் வந்த சட்டம் 1782-ல்தான் நீங்கியது. ராணுவத்துக்கு மட்டும் விலக்கு.

இதையெல்லாம் விட என்னை உட்கார வைத்தது வேறொன்று. 1780-களில் கிளாஸ்கோ வட்டாரத்து நெசவாளர்கள் வண்ணக் கட்டம் போட்ட பருத்திக் கைக்குட்டைகளை நெய்து விற்றார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'புல்லிகேட்'. அதுவும் பழவேற்காடுதான். அதாவது நகல் எடுத்தவர் ஸ்காட்லாந்துக்காரர், மூலம் நம்ம கடற்கரை.

அதுக்காக டார்ட்டனே நம்மிடமிருந்து போனதுன்னு சொல்ல வரலை. அது அவர்கள் மலைநாட்டில் தனியாக வளர்ந்த பழைய மரபு. நிற நூலை நீளத்திலும் குறுக்கிலும் போடுகிற எந்த ஊரிலும் கட்டம் தானாக வரும். பின்னாளில் வெளிநாட்டு வியாபாரிகள் கேட்டு, ஸ்காட்லாந்து மாதிரிகளும் நம்ம தறியில் ஏறியிருக்கலாம். ஆனால் கட்டம் போடக் கற்றுக்கொடுக்க யாரும் கப்பலேறி வர வேண்டியிருக்கவில்லை.

பழைய பதிவில் அந்த வரியை அடித்துவிட்டேன். அன்று வாங்கிய கைலியை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒன்று மேலே, ஒன்று கீழே. சாய்வுக் கோடு ஒன்றுகூட இல்லை. உங்க வீட்டுக் கைலியையும் ஒருமுறை பாருங்க.