ஜுவெச்: சட்டியின் பெயரைக் கொண்ட சேர்பியச் சோறு

சேர்பியாவில் அரிசி, இறைச்சி, மரக்கறிகள் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் அடுக்கிப் போறணையில் வேகவைக்கும் உணவை 'ஜுவெச்' என்கிறார்கள். உண்மையில் அது சட்டியின் பெயர். துருக்கிய மொழியில் 'கியூவெச்' என்றால் மண்சட்டி. 1459இல் ஸ்மெதெரெவோ கோட்டை ஒட்டோமான்களிடம் வீழ்ந்தது. 1878இல் பேர்லின் மாநாடு சேர்பியாவின் சுதந்திரத்தை அங்கீகரித்தது. ஆண்டவர்கள் போனார்கள், சட்டியும் அதன் பெயரும் அடுப்படியில் தங்கிவிட்டன.

இதே உணவைச் சிறு மாற்றங்களோடு பொஸ்னியாவிலும் குரோஷியாவிலும் மசிடோனியாவிலும் பல்கேரியாவிலும் ரூமேனியாவிலும் சமைக்கிறார்கள். சேர்பியக் கிறிஸ்தவ வீடுகளில் பெரும்பாலும் பன்றி இறைச்சி. நோவி பசார் போன்ற முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் இடங்களில் மாட்டிறைச்சி அல்லது ஆட்டிறைச்சி. ஓர்தடொக்ஸ் திருச்சபையின் நோன்பு நாட்களில் இறைச்சி இல்லாமல் மரக்கறியும் அரிசியும் மட்டும். இதன் சுவைக்கு ஆதாரமான தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. யூகோஸ்லாவியா ஒரே நாடாக இருந்த காலத்தில் அரிசிக்குப் பெயர்பெற்ற இடம் மசிடோனியாவின் கோச்சனி சமவெளி. 1991இல் மசிடோனியா பிரிந்தபோது சேர்பியர்களுக்கு அந்த அரிசி வெளிநாட்டு அரிசியானது.

ஒரே சட்டி, பல எல்லைகள்

போரைக் கடந்துவந்த வாசகர்களுக்கு எழுதும்போது, சேர்பியா என்ற பெயரை வெறும் சமையல் குறிப்பாக என்னால் கடந்துபோக முடியவில்லை. 1995 ஜூலையில் பொஸ்னிய சேர்பியப் படைகள் ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000க்கும் மேற்பட்ட பொஸ்னிய முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றன. அது இனப்படுகொலை என்று சர்வதேச நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. கொன்றவர்களின் வீடுகளிலும் கொல்லப்பட்டவர்களின் வீடுகளிலும் ஜுவெச் சமைக்கப்பட்டது. ஒரே உணவை உண்பவர்கள் ஒருவரையொருவர் கொல்லமாட்டார்கள் என்ற நம்பிக்கைக்கு பால்கனில் இடமில்லை.

சரஜீவோ 1992 ஏப்ரல் தொடக்கம் 1996 பெப்ரவரி வரை முற்றுகைக்குள் இருந்தது. நகரத்துக்குள் வந்த உதவிப் பொருட்களில் அரிசியும் ரின் இறைச்சியும் இருந்தன. விறகும் தண்ணீரும் அரிதான வீடுகளில் அவற்றைக் கொண்டே சமைத்தார்கள். அந்த ரின் இறைச்சிக்கு 2007இல் அந்நகரில் ஒரு நினைவுச்சின்னமே எழுப்பினார்கள். பெரிய ரின் ஒன்றின் வடிவில் நிற்கும் அது சர்வதேச சமூகத்துக்கு நன்றி சொல்கிறது. அந்த நன்றியில் உள்ள கசப்பையும், நிவாரண அரிசியின் ருசியையும் இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

தேவையானவை (ஐந்து பேருக்கு)

- எலும்பில்லாத பன்றித் தோள்பட்டை இறைச்சி 600 கிராம் (ஆட்டிறைச்சி, கோழி இறைச்சியும் பாவிக்கலாம்)
- பெரிய வெங்காயம் 3
- கறிமிளகாய் அல்லது குடைமிளகாய் 4
- நன்கு பழுத்த தக்காளி 5
- கத்தரிக்காய் 1, கரட் 2, விரும்பினால் வெண்டிக்காய் 6
- உள்ளி 3 பல்லு
- வெள்ளைப் பச்சையரிசி 200 கிராம்
- பப்ரிகாத் தூள் 1 மேசைக்கரண்டி
- எண்ணெய் 4 மேசைக்கரண்டி, சுடுநீர் அரை லீற்றர்
- உப்பு, மிளகுதூள்

பப்ரிகா காரமில்லாத சிவப்பு மிளகாயின் தூள். அதற்குப் பதிலாக எங்கள் மிளகாய்த்தூளை அதே அளவில் போட்டால் அது வேறொரு கறியாகிவிடும். கால் தேக்கரண்டியோடு நிறுத்துங்கள். குத்தரிசி மட்டுமே இருந்தால் முன்கூட்டியே அரைவேக்காடாக அவித்து வடித்துக்கொள்ளுங்கள்.

செய்முறை

இறைச்சியைப் பெரிய துண்டுகளாக வெட்டி, பாதி எண்ணெயில் எல்லாப் பக்கமும் சிவக்கும்வரை வதக்கி எடுத்துவையுங்கள். மீதி எண்ணெயை அதே சட்டியில் விட்டு, வெங்காயத்தைச் சிறு தீயில் பத்து நிமிடமாவது வதக்குங்கள். வெங்காயம் கரைந்து இனித்தால்தான் குழம்பு தடிக்கும். உள்ளியைப் போட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பப்ரிகாவைச் சேருங்கள். சூடேறிய எண்ணெயில் அது உடனே கருகிக் கசக்கும்.

இனி அடுக்க வேண்டும். மண்சட்டியின் அடியில் வெங்காயத்தில் பாதி, அதன்மேல் இறைச்சி, பிறகு வெட்டிய கத்தரிக்காய், கரட், வெண்டிக்காய், கறிமிளகாய். அதன்மேல் கழுவிய அரிசியைச் சமமாகப் பரப்பி, மீதி வெங்காயத்தைப் போடுங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் சிறிது உப்பும் மிளகும் தூவுங்கள். வட்டமாக வெட்டிய தக்காளியால் மேற்பரப்பை முழுவதுமாக மூடுங்கள்; அதன் சாறு இறங்கி அரிசியை நனைக்கும். ஓரமாகச் சுடுநீரை ஊற்றி மூடுங்கள்.

180 பாகை செல்சியஸில் ஒரு மணிநேரம் வேகவிட்டு, மூடியை எடுத்து மேலும் 15 நிமிடம் வையுங்கள். ஆட்டிறைச்சி என்றால் அடுக்குவதற்கு முன்பே முக்கால்வாசி அவித்துக்கொள்வது நல்லது. போறணை இல்லாதவர்கள் அடி தடித்த சட்டியில், மிகச் சிறிய தீயில் இறுக மூடி வைக்கலாம். நான் இரண்டு விதமாகவும் செய்திருக்கிறேன். அடுப்பில் வைத்தால் மேற்பரப்பு சிவக்காது, ருசியில் குறைவில்லை. எப்படிச் சமைத்தாலும் இடையில் கிளறக்கூடாது. கிளறினால் அரிசி குழைந்து அடியில் பிடிக்கும்.

மண்ணும் போத்தலும்

சேர்பியாவின் மேற்கே உஜிட்சே நகருக்கு அருகிலுள்ள ஸ்லாகுசா கிராமத்தில் களிமண்ணோடு கல்சைற்றுக் கல்லைப் பொடித்துக் கலந்து, கையால் சுற்றும் சக்கரத்தில் சட்டி வனைகிறார்கள். இந்தக் கலை 2020இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கல்சைற்று கலந்த சட்டி நெருப்பைத் தாங்கும், சூட்டை மெதுவாக விடும். எங்கள் மண்சட்டியில் சமைப்பதாயின் குளிர்ந்த போறணையில் வைத்தே சூடேற்றுங்கள். திடீர்ச் சூட்டில் வெடித்துவிடும்.

இலையுதிர் காலத்தில் சேர்பிய வீடுகளில் மிளகாயும் தக்காளியும் மலிந்திருக்கும்போது, ஜுவெச்சுக்கான மரக்கறிகளை வெட்டிப் போத்தல்களில் அடைத்துவைப்பார்கள். குளிர்காலத்தில் அரிசியும் இறைச்சியும் சேர்த்தால் போதும். 1968இல் மேற்கு ஜேர்மனியோடு ஏற்பட்ட தொழிலாளர் உடன்பாட்டுக்குப் பின் யூகோஸ்லாவியர்கள் அங்கு பெருமளவில் சென்றார்கள். ஜுவெச்சும் கூடவே சென்றது. ஜேர்மனியில் வாழும் எம்மவர்கள் உணவகங்களில் காணும் இறைச்சியில்லாத சிவப்பு ஜுவெச் சோறு அதன் கிளைதான்.

யூகோஸ்லாவியா உடைந்த பிறகு, சேர்போ-குரோஷிய மொழி சேர்பியம், குரோஷியம், பொஸ்னியம், மொண்டிநீக்ரோவியம் என்று நான்கு பெயர்களில் வழங்குகிறது. நான்கிலும் ஜுவெச் ஜுவெச்தான். இறக்கியதும் பத்து நிமிடம் ஆறவிட்டு, சட்டியோடு மேசையில் வைத்து, பாணும் புளித்த கோவா சலாதும் சேர்த்துப் பரிமாறுங்கள்.